முப்பத்தாறு வாரக் கணக்கு

ஏற்காட்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1820களில் தொடங்குகிறார்கள். சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார், எஸ்டேட்டுகள் எழுந்தன, மலைப்பாதை வந்தது என்று கதை போகும். வாழவந்தியும் அக்கம்பக்கத்து மலையூர்களும் அந்தக் கதையில் எஸ்டேட்டுக்கு ஆள் கிடைத்த இடங்களாக மட்டுமே தலைகாட்டும். அதற்கு முன்பே மலையாளிப் பழங்குடியினர் அங்கே ராகியும் சாமையும் விதைத்து, சேர்வராயனைக் கும்பிட்டு வாழ்ந்துவந்தது கணக்கில் வராது. தமிழ்நாட்டில் சிறுநீரகத்தின் வரலாறும் இப்படித்தான் பாதியிலிருந்து எழுதப்பட்டிருக்கிறது. 1971இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்த மாற்று அறுவையிலிருந்து அதைத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அந்தத் தொடக்கம் பிசகானது என்பது என் கருத்து. ஒருவருடைய சிறுநீரகத்தின் கதை அது பழுதாகும் நாளில் தொடங்குவதில்லை, அவர் தாயின் வயிற்றில் ஐந்தாவது வாரத்தில் இருந்தபோதே தொடங்கிவிடுகிறது. ஸ்டெம் செல்லிலிருந்து சிறுநீரகத் திசுவை வளர்க்க உலகம் முழுவதும் நடக்கும் ஆய்வு நமக்கு இதுவரை தந்திருக்கும் பெரிய பாடமும் அதுதான். ஆனால் அந்த ஆய்வைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் மாற்று உறுப்பு எப்போது கிடைக்கும் என்பதோடு நின்றுவிடுகிறது.

அப்படி நின்றுவிடுவதற்குக் காரணம் உண்டு. சிறுநீரகம் என்றாலே பற்றாக்குறை என்றுதான் இந்த மாநிலம் அரை நூற்றாண்டாகப் பழகியிருக்கிறது. 1954இல் பாஸ்டனில் ஜோசப் மர்ரே இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். 1965இல் மும்பையில் இறந்தவரின் சிறுநீரகத்தைக்கொண்டு செய்த முயற்சி நிலைக்கவில்லை. 1971இல் வேலூரில் மோகன் ராவும் கே.வி. ஜானியும் உயிருடன் இருக்கும் உறவினரின் சிறுநீரகத்தைப் பொருத்தியதுதான் இந்தியாவில் நிலைத்த முதல் வெற்றி. அந்த வெற்றிக்குப் பின்னாலேயே வியாபாரமும் வந்தது. எண்பதுகளில் சென்னை வில்லிவாக்கத்துக்கு ஊரார் வாயில் ‘கிட்னிவாக்கம்’ என்றே பெயர் ஆயிற்று. விற்பனையைத் தடுக்க 1994இல் சட்டம் வந்தது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் விசாரித்து 2002இல் வெளியான ஆய்வு, அவர்களில் 96 சதவீதம் பேர் கடனை அடைக்கவே விற்றார்கள் என்றும், விற்றபின் குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்றும் காட்டியது. கேள்வி கேட்ட நாளில் நான்கில் மூன்று பேர் இன்னமும் கடனில்தான் இருந்தார்கள். 2008இல் ஹிதேந்திரனின் பெற்றோர் மூளைச்சாவு அடைந்த மகனின் உறுப்புகளைக் கொடுத்தபின் உடல் உறுப்பு தானம் மக்கள் இயக்கமாக மாறியது, அந்த ஆண்டே அரசின் திட்டமும் வந்தது. இருந்தும் 2025இல் சேலத்துக்குப் பக்கத்திலேயே, நாமக்கல் மாவட்டம் பள்ளிப்பாளையத்தில், விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் புரோக்கர்கள் கைக்குப் போனது வெளிச்சத்துக்கு வந்தது. ஓர் உடலிலிருந்து எடுத்து இன்னோர் உடலுக்குக் கொடுப்பது ஒன்றே வழி என்று இருக்கும்வரை, எடுக்கப்படும் உடல் ஏழையின் உடலாக இருக்கும் ஆபத்து நீங்கப்போவதில்லை. ஆகவே, ஆய்வகத்தில் சிறுநீரகம் வளர்க்கிறார்கள் என்ற செய்தியைக் கேட்டதும் இந்தக் கொடுமைக்கு முடிவு வந்துவிட்டது என்று மனம் தாவுவது இயல்புதான். அந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் வளர்ப்பது என்றால் என்ன என்பதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.

கறிக்கடையில் ஆட்டுக் குண்டிக்காயை நீளவாக்கில் அறுத்தால் வெளியே கருஞ்சிவப்பு ஓரமும் உள்ளே வெளிறிய பகுதியும் தெரியும். அந்த வெளி ஓரத்தில்தான் நெஃப்ரான்கள் தொடங்குகின்றன. ஒவ்வொன்றும் ரத்தத்தை வடிக்கும் ஒரு மெல்லிய முடிச்சும், அதைத் தொடர்ந்து சுருண்டோடும் ஒரு குழலும் சேர்ந்தது. மனிதக் கருவில் இது ஒரே தடவையில் உருவாவதில்லை. நாலாவது வாரத்தில் கழுத்தருகே முதல் சிறுநீரகம் தோன்றி, வேலை எதுவும் பார்க்காமலே மறைகிறது. அடுத்து முதுகு நெடுக இரண்டாவது தோன்றி, சில வாரங்கள் கொஞ்சம் வேலை பார்த்துவிட்டு அதுவும் கரைகிறது. அதன் குழாய் மட்டும் ஆண் குழந்தையில் விந்துக் குழாயாக எஞ்சுகிறது. ஐந்தாவது வாரத்தில் அந்தக் குழாயின் அடிப்பகுதியில் ஒரு மொட்டு புடைக்கிறது. அது பக்கத்தில் தளர்வாகக் கிடக்கும் திசுத் திட்டுக்குள் நுழைந்து இரண்டாகக் கிளைக்கிறது, அந்த இரண்டும் மறுபடி கிளைக்கின்றன. கிளை நுனி ஒவ்வொன்றையும் சுற்றித் திசு அடர்ந்து, உருண்டு, வளைந்து நெஃப்ரானாகிறது. இடுப்புக் குழிக்குள் பிறந்த இந்த மூன்றாவது சிறுநீரகம் வளர்ந்துகொண்டே மேலேறி விலாவடியில் வந்து அமர்கிறது. பிறந்த குழந்தையின் சிறுநீரகம் மாட்டுச் சிறுநீரகம் போல மேடும் பள்ளமுமாக, பல துண்டுகள் ஒட்டியதுபோல இருக்கும். வயது ஏறும்போதுதான் வழவழப்பாகிறது. கருவின் கழிவைத் தாயின் நஞ்சுக்கொடியே அகற்றிவிடுவதால், வயிற்றில் இருக்கும்வரை இந்த உறுப்பின் குறைபாடு ரத்தத்தில் தெரியாது. கழிவகற்றும் வேலையைப் பொறுத்தவரை, அது பிற்காலத்துக்கான இருப்பாகவே அங்கே கட்டப்படுகிறது.

மொட்டும் திட்டும் ஒன்றையொன்று வளர்த்துவிடுகின்றன என்பதைத் தட்டில் போட்டுக் காட்டியவர் அமெரிக்கர் கிளிஃபோர்டு குரோப்ஸ்டைன். ஐம்பதுகளில் அவர் சுண்டெலிக் கருவிலிருந்து இரண்டையும் பிரித்து வைத்தார். பிரித்தபோது மொட்டு கிளைக்கவில்லை, திட்டு செத்துப்போனது. நடுவே நுண்துளை வடிகட்டி ஒன்றை வைத்து இருபுறமும் அவற்றைச் சேர்த்தபோது திட்டில் குழல்கள் தோன்றின. ஹெல்சிங்கியில் லவுரி சாக்ஸேன் இந்த வேலையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து, 1987இல் தன் நூலில் தொகுத்தார். 1996இல் அந்தப் பேச்சுவார்த்தையின் ஒரு சொல் கிடைத்தது. திட்டு சுரக்கும் ஜி.டி.என்.எஃப். என்ற புரதம்தான் மொட்டை அழைக்கிறது, அது இல்லாத எலிக்குட்டிகள் சிறுநீரகமே இல்லாமல் பிறந்தன. இந்த நாற்பது ஆண்டு உழைப்பு மாற்று உறுப்புக்காக நடந்ததல்ல. ஒரு திசு பக்கத்துத் திசுவுக்கு எப்படிச் சேதி சொல்கிறது என்று தெரிந்துகொள்ள நடந்தது. ஆனால் இன்று ஸ்டெம் செல்லை வைத்துச் சிறுநீரகத் திசு வளர்க்கிறவர்கள் கையில் இருக்கும் சமையல் குறிப்பு முழுக்க அங்கிருந்து வந்ததுதான்.

அந்தக் குறிப்பின்படி சமைத்தபோது என்ன கிடைத்தது? ஷின்யா யமனாகா 2006இல் எலியின் தோல் செல்லையும் 2007இல் மனிதத் தோல் செல்லையும் கரு நிலைக்குத் திருப்பிய பிறகு கதவு திறந்தது. 2014இல் ஜப்பானின் குமாமோட்டோவில் நிஷினாகமுரா குழுவினர் நெஃப்ரானின் மூல செல்களை உருவாக்கினார்கள். 2015இல் ஆஸ்திரேலியாவில் மெலிசா லிட்டிலும் மினோரு தகசாட்டோவும் வடிமுடிச்சு, குழல், சேகரிப்புக் குழாய் எல்லாம் கொண்ட குறுஞ்சிறுநீரகத்தை, அதாவது ஆர்கனாய்டை, வளர்த்துக் காட்டினார்கள். சில மில்லிமீட்டர் அகலம்தான், ஆனால் அமைப்பைக் கண்டு உலகம் வியந்தது. கூடவே நால்வகைத் தடைகளும் தெரிந்தன. முதலாவது, அதன் மரபணுச் செயல்பாடு கர்ப்பத்தின் முதல் மூன்று மாதக் கருவின் சிறுநீரகத்தை ஒத்திருந்தது, அதற்கு மேல் முதிரவில்லை. இரண்டாவது, ரத்த ஓட்டம் இல்லை. 2018இல் நெதர்லாந்தின் லைடனில் எலியின் சிறுநீரக உறைக்கு அடியில் வைத்துப் பார்த்தபோது எலியின் ரத்தக்குழாய்கள் உள்ளே வந்தன, திசுவும் ஓரளவு முதிர்ந்தது. மூன்றாவது, உருவான சிறுநீர் வெளியேற வழி இல்லை. வடிகால் இல்லாத வயலில் தண்ணீர் தேங்குவதைப் போல அது உள்ளேயே நிற்கும். நாலாவது, அதே ஆண்டு அமெரிக்காவில் ஆர்கனாய்டு செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்ததில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை நரம்பு, தசை போன்ற வேறு செல்கள் இருந்தன. 2023இல் சீனாவின் குவாங்சோவில் பன்றிக் கருவுக்குள் மனிதச் செல்கள் பாதிக்குமேல் கலந்த சிறுநீரகத்தை 28 நாள் வளர்த்தார்கள். அது உடல் கரைத்துவிடும் அந்த இரண்டாவது சிறுநீரகம், மூன்றாவதல்ல. இந்த ஆர்கனாய்டுகள் இன்றைக்கே பயன்படும் இடமும் உண்டு. மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறதா என்று சோதிக்கவும், பரம்பரைச் சிறுநீரக நோயைத் தட்டில் வைத்துப் பார்க்கவும் அவை உதவுகின்றன. ஆனால் முதல் மூன்று மாதத்துக்கு அப்பால் உலகின் சிறந்த ஆய்வகங்களும் தடுமாறும் வேலையைத்தான் ஒவ்வொரு தாயின் உடலும் மீதி ஆறு மாதத்தில் செய்து முடிக்கிறது. அந்த ஆறு மாதம் எவ்வளவு அரியது என்பதைத் தட்டில் கிடக்கும் அந்தச் சிறு திசுதான் எனக்கு உணர்த்தியது.

இனி எண்ணிக்கைக்கு வருவோம், இந்தக் கட்டுரையின் உயிர் அங்கேதான். நெஃப்ரான்களில் ஏறக்குறைய அறுபது சதவீதம் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் உருவாகின்றன. முப்பத்தாறாவது வாரத்தோடு உற்பத்தி நின்றுவிடுகிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறந்தபின் நாற்பது நாள்வரை ஓரளவு தொடரும், அதன்பிறகு இல்லை. பிறகு உண்ணும் எதுவும், எந்த மருந்தும், ஒரு நெஃப்ரானைக்கூடப் புதிதாகச் சேர்க்காது. ஒரு சிறுநீரகத்தில் சராசரியாகப் பத்து லட்சம் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் பிரேதப் பரிசோதனைகளில் எண்ணிப் பார்த்தபோது இரண்டு லட்சம் முதல் 25 லட்சத்துக்கு மேல்வரை ஆளுக்கு ஆள் மாறியது. அமெரிக்காவில் 2003இல் வெளியான ஆய்வில், பிறப்பு எடை ஒரு கிலோ கூடினால் ஒரு சிறுநீரகத்தில் சுமார் இரண்டரை லட்சம் முடிச்சுகள் கூடுதலாக இருந்தன. அதே ஆண்டு ஜெர்மனியில், விபத்தில் இறந்தவர்களில் ரத்தக்கொதிப்பு இருந்தவர்களுக்கு, இல்லாதவர்களைவிட நெஃப்ரான்கள் பாதிதான் இருந்தன. பேரி பிரென்னர் 1988இலேயே இதை ஊகித்திருந்தார்: எண்ணிக்கை குறைந்தால் மிச்சமிருப்பவை கூடுதல் பாரம் சுமந்து, வீங்கி, ஒவ்வொன்றாகத் தழும்பாகும். ஏற்காட்டில் காபி நாற்றங்கால் போடுகிறவர்களுக்கு இந்த நியாயத்தை விளக்க வேண்டியதே இல்லை. விதைத்தோல் தலையில் தொப்பிபோல ஒட்டியிருக்கும் பருவத்தில் நாற்றைப் பிடுங்கிப் பையில் மாற்றும்போது, ஆணிவேர் மடங்கியிருந்தால் அந்த நாற்றை வைக்காமல் ஒதுக்கிவிடுவார்கள். வைத்தால் செடி வளரும், இலை விடும், பார்வைக்கு வேறுபாடே தெரியாது. சில வருஷம் கழித்து வறட்சியில்தான் மடங்கிய வேர் தன்னைக் காட்டும். மனிதர்களில் ஒதுக்கிவைக்கும் பேச்சுக்கே இடமில்லை. அதனால்தான் நாற்றங்காலைப் பார்த்துக்கொள்வது கடமையாகிறது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானது ஒன்று. தமிழ்நாட்டில் சிறுநீரகம் பழுதாவது பெரும்பாலும் சர்க்கரையாலும் ரத்தக்கொதிப்பாலும்தானே, வயிற்றில் நடந்ததை இழுப்பானேன் என்பார்கள். வெயிலும் சேர்ந்துகொள்கிறது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயத் தொழிலாளர்களை 2023இல் பரிசோதித்ததில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் நாட்பட்ட சிறுநீரக நோய் இருந்தது, அவர்களில் பாதிப் பேருக்கு வழக்கமான காரணம் எதுவும் தென்படவில்லை. உண்மைதான். ஆனால் பத்து லட்சத்தோடு பிறந்தவரும் ஐந்து லட்சத்தோடு பிறந்தவரும் ஒரே வெயிலில் ஒரே சர்க்கரையோடு நின்றால் முதலில் யார் விழுவார்? நெஃப்ரான் எண்ணிக்கை மற்றக் காரணங்களோடு போட்டியிடும் இன்னொரு காரணம் அல்ல, அவையெல்லாம் செலவழிக்கும் கையிருப்பு. நார்வேயில் இருபது லட்சத்துக்கும் அதிகமான பிறப்புகளைத் தொடர்ந்து பார்த்ததில், எடை மிகக் குறைந்து பிறந்தவர்களுக்குச் சிறுநீரகம் முற்றாகச் செயலிழக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 70 சதவீதம் கூடுதலாக இருந்தது. நார்வேக்காரர்களின் கணக்கு நமக்கு எப்படிப் பொருந்தும் என்பது அடுத்த கேள்வி. பொருந்தும் என்று நினைக்கக் காரணம், இந்தத் தொடர்பு மிகக் கூர்மையாகத் தெரிந்த இடங்களில் ஒன்று ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடம். சிறுநீரக நோய் மிகுந்த அந்த மக்களில் பிறப்பு எடையும் குறைவு, நெஃப்ரான்களும் மற்றவர்களைவிடச் சுமார் முப்பது சதவீதம் குறைவு என்று வெண்டி ஹோய் குழுவினர் காட்டினார்கள். பெங்களூரில் பிறந்த குழந்தைகளையும் மாண்ட்ரியலில் பிறந்தவர்களையும் ஒப்பிட்டு 2007இல் வெளியான ஆய்வில், உடல் அளவைக் கழித்துப் பார்த்தும் பெங்களூர்க் குழந்தைகளின் சிறுநீரகங்கள் சிறிதாக இருந்தன, அவர்களின் தாய்மாரிடம் வைட்டமின் ஏ குறைவாக இருந்தது. தாய் எலிக்கு வைட்டமின் ஏ குறைத்தால் குட்டிக்கு நெஃப்ரான் குறையும் என்பது ஆய்வகத்தில் முன்பே நிறுவப்பட்டதுதான். மலைச்சரிவில் முளைக்கும் கீரைக்கும் தோட்டத்துப் பப்பாளிக்கும் இந்தக் கணக்கில் இடம் உண்டு.

இன்னோர் எதிர்ப்பு எனக்கு முக்கியமானது. இப்படிப் பேசினால் பழி தாயின் தலையில் விழும் என்ற அச்சம் அது. நியாயமான அச்சம். அதற்கு என் பதில் தோட்டத் தொழிலின் வரலாற்றில் இருக்கிறது. காபி வந்து நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகுதான், 1951இல், தோட்டத் தொழிலாளர் சட்டம் பேறுகாலப் பயனை எழுத்தில் வைத்தது. அதுவும் 25 ஏக்கருக்குக் குறையாத நிலமும் முப்பது ஆட்களும் இருந்த எஸ்டேட்டுகளுக்குத்தான். சொந்தமாக ஓர் ஏக்கர் இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு, மிச்ச நாளில் கூலிக்குப் போகும் மலையூர்ப் பெண்ணுக்கு அது எட்டவில்லை. 1961இன் பேறுகாலச் சட்டம் பன்னிரண்டு வாரம் கொடுத்தது, அதில் பிரசவத்துக்கு முன் எடுக்கக்கூடியது ஆறு வாரம். நாற்பது வாரக் கர்ப்பத்தில் ஆறு வாரம் என்றால் முப்பத்துநாலாவது வாரம் முடிந்த பிறகு. குழந்தையின் சிறுநீரகம் கட்டி முடிய இரண்டே வாரம் பாக்கியிருக்கும்போது தாய்க்கு ஓய்வு தொடங்குகிறது. அதற்கு முந்திய ஒரு மாதம் கடின வேலை வேண்டாம் என்று அவளே கேட்டால் தவிர்க்கலாம் என்றும் சட்டம் சொன்னது. கங்காணி முன்னால் நின்று அப்படிக் கேட்கும் துணிவு எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? 2017இல் மொத்த விடுப்பு 26 வாரமானது, பிரசவத்துக்கு முந்தியது எட்டு வாரமாகத்தான் நீண்டது. காபிப் பழம் பறிக்கும் மார்கழி, தை மாதங்களில் முதுகில் கூடையோ இடுப்பில் பையோ கட்டிக்கொண்டு சரிவில் ஏறி இறங்கும் பெண்ணின் ஏழாவது மாதம் அவள் தேர்ந்தெடுத்த ஒன்றல்ல. அது கூலியும் சட்டமும் உணவும் சேர்ந்து தீர்மானித்தது. அறிவியல் இங்கே தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. அவளுக்கு எந்த வாரத்தில் எது தரப்பட வேண்டும் என்று முதலாளிக்கும் அரசுக்கும் தேதி குறித்துக் கொடுக்கிறது.

தமிழ்நாடு இதில் வெறுங்கையோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான பேறுகால உதவி 1987இல் முந்நூறு ரூபாயாகத் தொடங்கி இன்று 18,000 ரூபாயாகி, ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு வருகிறது. பன்னிரண்டு வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிய வேண்டும் என்ற நிபந்தனை, மொட்டு திட்டுக்குள் நுழைந்து சில வாரங்களே ஆன காலத்தில் தாயைச் சுகாதாரச் செவிலியரிடம் கொண்டுசேர்க்கிறது. ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். இருந்தும், 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் மாநிலத்துக் கர்ப்பிணிகளில் 48 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பிரசவத்தைக் காப்பாற்றுவதில் வென்ற நாம் கர்ப்பத்தின் ஊட்டத்தில் இன்னும் பாதி தூரத்தில் நிற்கிறோம்.

ஆய்வகச் சிறுநீரகம் ஒருநாள் வந்துவிட்டால் இதெல்லாம் தேவைப்படாதே என்று கேட்கலாம். வரட்டும், வர வேண்டும். பள்ளிப்பாளையத்தில் இனி ஒருவர் விலாவில் தழும்போடு கடன்காரன் முன் நிற்கக் கூடாது. ஆனால் வேலூர் வெற்றிக்கு ஐம்பது ஆண்டுகள் கழித்தும் மாற்று அறுவை தேவைப்படுகிறவர்களில் சிறு பகுதிக்குத்தான் கிடைக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்கு வந்து வாரத்தில் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டு ஏறிப்போவது ஒரு குடும்பத்தின் கூலியை மொத்தமாக விழுங்கும். சிறுநீரகம் பழுதாவதைத் தடுக்கும் மலிவான வழிகள் நம்மிடமே நடத்திக் காட்டப்பட்டிருக்கின்றன. சென்னை மருத்துவர் எம்.கே. மணி தொண்ணூறுகளில் தொடங்கிய கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கக் கிராமங்களில் 25,000 பேரை உள்ளூர்ப் பெண்களைக் கொண்டே பரிசோதித்தது. சோதனைக் குழாயில் சிறுநீரை எடுத்து சல்ஃபோசாலிசிலிக் அமிலம் சொட்டவிட்டால் புரதம் இருப்பவர்களுக்குப் பால்போலக் கலங்கும். பெனடிக்ட் கரைசலோடு சூடாக்கினால் சர்க்கரை இருப்பவர்களுக்கு நீலம் மாறிப் பச்சையாகும், மஞ்சளாகும், செங்கல் நிறமாகும். அதோடு ரத்த அழுத்தமும் பார்த்து, விலை குறைந்த பழைய மாத்திரைகளை வீடு தேடிக் கொடுத்தார்கள். 2023இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுவதும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் போன சிறுநீரகப் பாதுகாப்புத் திட்டம் அதே எண்ணத்தின் தொடர்ச்சி.

அந்தப் பரிசோதனையில் இன்னும் ஒரு கேள்வி சேர வேண்டும். பிறந்தபோது எடை எவ்வளவு, எத்தனையாவது வாரத்தில் பிறந்தார்? நாற்பது வயதில் ரத்தக்கொதிப்போடு வருகிறவரிடம் யாரும் இதைக் கேட்பதில்லை, கேட்டாலும் அவருக்குத் தெரியாது. ஆனால் கர்ப்பத்தைப் பதியும்போது அரசு தரும் பிக்மி எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் கிடைக்காது என்று ஆனபிறகு, தமிழ்நாட்டில் பிறந்த குழந்தைகளின் எடை அரசுக் கணினியில் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் செவிலியர் வாழவந்தியில் ஒரு வீட்டு வாசலில் ரத்த அழுத்தக் கருவியைப் பிரிக்கும்போது அந்த எடையும் அவர் கையில் இருக்கலாம். இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறந்த பெண் என்று தெரிந்தால், வலிமாத்திரையைக் கடையில் தானாக வாங்கிப் போடாதே அம்மா, வருஷத்துக்கு ஒருமுறை சிறுநீரைக் காட்டிவிடு, உண்டானால் முதல் மாதமே வந்து பதிந்துகொள் என்று இருபது வயதிலேயே அவளிடம் சொல்லிவிடலாம்.